நாற்பத்தாறு ஆங்கர்

ராயபுரம் நயினார் மரைன் ஸ்டோர்ஸுக்கு யார் போன் செய்தாலும் முதலில் எடுப்பவள் ரமாபாய்தான். "ரமாபாய் பேசுறேன்" என்பாள். குரலில் பிறவியிலேயே ஒரு கரகரப்பு. பாதிப் பேர், அந்தப் பக்கம் யாரோ முஸ்லிம் பெரியவர் இருக்கிறார் என்று நினைத்து, "சலாம் பாய், நல்லா கீறீங்களா?" என்று பணிவாக ஆரம்பிப்பார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெரியவருக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு டைப்பிஸ்ட் பொம்பளைக்குக் கிடைக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஹென்றி இரண்டு வருஷம் அவளுக்கு ரம்ஜான் வாழ்த்து அனுப்பினான். மூன்றாம் வருஷம் நேரிலேயே வந்து, "பாய் எங்க?" என்று கேட்டான். மஞ்சள் சேலையில் எழுந்து நின்று, "நான்தான் நைனா, இன்னா வேணும்?" என்றாள். ஹென்றி வந்த காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் போனான். ஆனாலும் இன்றுவரை அவளை அவன் பாய் என்றுதான் கூப்பிடுகிறான்.

பெயர் வைத்தது அவள் அப்பா துரை. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், அம்பேத்கர் மன்றத்துச் செயலாளர். அண்ணலின் மனைவி பெயரை மூத்த மகளுக்கு வைத்தார். ரமாபாய் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, அதே பிளாக்கின் முதல் மாடிக்குக் குடிபோனாள். "புகுந்த வூட்டுக்குப் போறப்போ எல்லாம் அயுவாங்க. ரெண்டு மாடி எறங்குறதுக்கு எவ அயுவா?" என்று இப்போதும் கேட்பாள். கணவன் அறிவும் அதே யார்டில்தான் இருக்கிறான். ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை. தபால் வழியில் பி.காம். படித்து, டைப்பிங் முடித்து, இந்தக் கடையில் அவள் சேர்ந்து பதினாறு வருஷமாகிறது.

கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியுடையது. உடன்குடிப் பக்கத்து மனிதர். படகுக்கும் கப்பலுக்கும் வேண்டிய கயிறு, சங்கிலி, கப்பி, மிதவை, பெயின்ட், கிரீஸ் என்று அங்கே இல்லாத சாமான் கிடையாது. வியாபாரத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எல்லாரும் கேட்டு வருவது நைலான் கயிறு. ஆகவே நைலான் கயிறு கடையின் கடைசிக் கோடியில் இருக்கும். அதை வாங்க வருகிறவன் கிரீஸ் டின்னைத் தாண்டி, லைஃப் ஜாக்கெட்டில் உரசி, சங்கிலியில் கால் இடறி, அதன் பிறகுதான் கயிற்றைத் தொட முடியும். "போற வழியில நாலு சாமானக் கண்ணால பாக்கணும்லா. பாத்தாத்தான் வாங்குவாவ" என்பார் அண்ணாச்சி.

கடைக்கு ஒரு வெப்சைட்டும் இருந்தது. அண்ணாச்சியின் தங்கை மகன் அபின், கல்லூரியில் படிக்கும்போது செய்து கொடுத்தது. மொத்தமே ஒரு பக்கம்தான். உச்சியில் கைகூப்பிச் சிரிக்கும் அண்ணாச்சியின் படம். பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் அந்தப் படம் மட்டும் நகராமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அண்ணாச்சியே கேட்டு வாங்கிய வசதி அது. அதற்குக் கீழே அவருடைய அப்பா உடன்குடியிலிருந்து உப்பு லாரியில் ஏறி மெட்ராஸ் வந்த வரலாறு. அச்சடித்தால் மூன்று தாள் வரும். அதன் பிறகுதான் சாமான்கள்.

அபின் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது, புதுச் சாமான் வந்தால் அதை எப்படிச் சேர்ப்பது என்று ரமாபாய்க்குக் காட்டிவிட்டுப் போனான். அவள் நான்கு வருஷம் அடியிலேயே சேர்த்துக்கொண்டு போனதில் பக்கம் அனுமார் வாலாக நீண்டுவிட்டது. செல்போனில் பார்க்கிறவன் கட்டைவிரலால் தொண்ணூறு தடவை தள்ளினால்தான் கயிறு வரும். பாதியில் விரல் சோர்ந்தவர்கள் எல்லாம் கடைக்குப் போன் அடித்தார்கள்.

"பாய், கப்பி எங்க கீது?"

"லைஃப் ஜாக்கெட்டுக்குக் கீய பாரு."

"லைஃப் ஜாக்கெட் எங்க கீது?"

ஒரு நாளைக்கு இப்படி அறுபது போன். பில் ஒன்றை அடிக்க உட்கார்ந்தால் நடுவில் ஐந்து முறை எழ வேண்டியிருந்தது. "எனக்கு ரிசீவர் புடிச்ச காதுல காப்புக் காய்ச்சிருச்சு" என்று அறிவிடம் சொன்னாள். அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வஞ்சிரம் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று ஏதோ ஒரு சமையல் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் நீளமான பக்கம்தான். ஆனால் உச்சியிலேயே ஒரு பட்டியல் இருந்தது. அதில் 'மீன் குழம்பு' என்பதைத் தொட்டாள். பக்கம் ஒரே தாவலில் மீன் குழம்பில் போய் நின்றது. மறுபடி மேலே வந்து 'ரசம்' என்பதைத் தொட்டாள். ரசத்தில் போய் நின்றது. குழம்பை மறந்து, டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

பெரிய வித்தை இல்லை. போய்ச் சேர வேண்டிய தலைப்புக்கு மறைவாக ஒரு பெயர் வைக்க வேண்டும். மேலே இருக்கும் பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறியைப் போட்டு எழுத வேண்டும். தொட்டால் அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அந்தக் குறிக்கு ஆங்கர் என்று பெயர் போட்டிருந்தது. ரமாபாய் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். எண்ணூரில் இருக்கும் கடைக் குடோனில் விற்காமல் தேங்கிப்போன நிஜ ஆங்கர்கள், அதாவது படகை நிறுத்தும் நங்கூரங்கள், துருப்பிடித்துக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நல்ல பிள்ளையாக முதலில் அண்ணாச்சியிடம் அனுமதிதான் கேட்டாள். "அண்ணாச்சி, மேல ஒரு பட்டியல் போட்டா, வேண்டியவங்க வேண்டிய சாமானுக்கு நேரா தாவிப் போயிடலாம்."

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "தாவியா? நம்ம கடைக்குள்ள எவனாவது தாவிப் போறானா? நடந்துதான போறான். பக்கத்துலயும் நடந்தே போவட்டும்."

"விரல் வலிக்குதாம் அண்ணாச்சி."

"வலிச்சா வலிக்கட்டும். நாலு சாமானக் கண்ணால பாக்கணும்லா."

பேச்சு அதோடு முடிந்தது. ரமாபாய் இரண்டு நாள் யோசித்தாள். தன் பக்கத்தில் மொத்தம் எத்தனை தலைப்பு என்று எண்ணினாள். நாற்பத்தாறு. மூன்றாம் நாள் அண்ணாச்சி வாயில் வெற்றிலை போட்டு நல்ல மனநிலையில் இருந்த நேரமாகப் பார்த்துப் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நம்ம பக்கத்துல ஒரு நாப்பத்தாறு ஆங்கர் போட்டுரட்டா?"

"அவ்வளவா கெடக்கு?"

"எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"போடு, போடு. என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு நிக்க? எல்லாத்தையும் போடு."

அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இதை அன்று வீட்டில் அறிவிடம் மூன்று முறை சொன்னாள். "இன்னாத்துக்கு இத்தினி வாட்டி சொல்ற?" என்று அவன் கேட்டான்.

போடுவது அவள் நினைத்ததைவிடப் பேஜாராக இருந்தது. கீழே கயிற்றுக்குச் சின்ன எழுத்தில் பெயர் வைத்துவிட்டு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். தொட்டால் கல்லு மாதிரி அசையவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போயிற்று. பிறகு தமிழிலேயே பெயர் வைத்துப் பார்த்தாள். கயிற்றின் லிங்க்கை ஹென்றிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது சதவீதக் குறியும் எண்ணுமாக நான்கு வரிக்கு நீண்டு போய் விழுந்தது. "இன்னா பாய், வைரஸ் அனுப்பிக்கினு கீறியா?" என்று அவன் கேட்டான். எல்லாவற்றையும் குட்டி ஆங்கிலப் பெயராக மாற்றினாள்.

அடுத்த நாள் ஹென்றியே மறுபடி கூப்பிட்டான். "பாய், கப்பியத் தொட்டா அண்ணாச்சி வர்றாரு."

"இன்னாடா சொல்ற?"

"பெயின்ட்டத் தொட்டாலும் அண்ணாச்சிதான். எத்தத் தொட்டாலும் கும்பிட்டுக்கினு நிக்கிறாரு."

செல்போனில் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. பக்கம் சரியான இடத்துக்குத்தான் தாவியது. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் அண்ணாச்சியின் படம் தலைப்பின் மேல் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியை அகற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு தலைப்பும் அவருடைய தலை அளவுக்கு இடம் விட்டு நிற்கும்படி ஒரு வரி சேர்த்தாள். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த அன்று கடைத்தெருவில் பகோடா வாங்கித் தனியாகத் தின்றாள்.

அந்த உற்சாகத்தில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. அண்ணாச்சியுடைய அப்பா வரலாற்றுக்கு மேலேயும் ஒரு தாவல் வைத்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அதற்கு எழுதிய வாசகம்: 'வரலாறு வேணாம், சாமான் காட்டு.'

யாரும் என்றால் அண்ணாச்சி. அவர் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். போனை எண் அடிக்க மட்டும்தான் தொடுவார். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் வெப்சைட்டை முழுதாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டுத் தாளையும் சிவப்புப் பேனா வைத்துப் படித்துப் பிழை திருத்துவார். தாளில் நீல எழுத்துப் பட்டியல் வந்தால் கேள்வி வரும். ஆகவே, அச்சடிக்கும்போது மட்டும் பட்டியலும் தாவல்களும் மறைந்துகொள்ளும்படி இன்னொரு வரி எழுதினாள் ரமாபாய். திரையில் ஒரு முகம், தாளில் ஒரு முகம். திங்கட்கிழமை அண்ணாச்சி முப்பத்தெட்டுத் தாளையும் படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. ஆங்கரத்தான் காணலியே" என்றார்.

"போட்டுக்கினே கீறேன் அண்ணாச்சி" என்றவள், அன்றே குடோனில் கிடந்த நங்கூரங்களைப் படமெடுக்கச் சொல்லி அவற்றுக்கும் ஒரு தலைப்பு உண்டாக்கினாள்.

பத்தே நாளில் போன் அடங்கிவிட்டது. காசிமேட்டுக்காரர்கள் தொட்டுத் தாவி, படத்தைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். ரமாபாய் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பில்லை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழாமல் அடித்தாள். டீ சூடாக இருக்கும்போதே குடித்தாள்.

அண்ணாச்சிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மணியடித்தால்தான் கடை நடக்கிறது என்பது அவர் காதுக்குப் பழகிய கணக்கு. லாரியில் சரக்கு போய்க்கொண்டே இருந்தது; அது அவர் கண்ணில் படவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். தன் செல்போனிலிருந்து கடைக்கே அடித்துப் பார்ப்பார். லைன் பார்க்கிற ஆளை வரவழைத்தார். அந்த ஆள் வயரை எல்லாம் சோதித்துவிட்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனான்.

"யாரோ என்னமோ பண்ணிட்டான் ரமா" என்றார் அண்ணாச்சி. "ஒரு மனுசன் கூப்பிட மாட்டேங்கான்."

அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்ததைப் பார்த்தபோது ரமாபாய்க்கு மனசு கேட்கவில்லை. மாடிப்படிக்குப் போய் ஹென்றிக்குப் போன் செய்தாள். "தோஸ்து, ஒரு ஒதவி. காலைல ரெண்டு வாட்டி, சாயங்காலம் ரெண்டு வாட்டி கடைக்கு அடி."

"அடிச்சு இன்னா பேசுறது?"

"இன்னா வேணா பேசு. அண்ணாச்சிதான் எடுப்பாரு."

ஹென்றி சொன்னபடி செய்தான். கயிறு எத்தனை நிறத்தில் உண்டு என்று ஒருநாள் கேட்டான். பச்சைக்கும் நீலத்துக்கும் பலத்தில் வித்தியாசம் உண்டா என்று மறுநாள் கேட்டான். மூன்றாம் நாள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தூங்கலாமா என்று கேட்டான். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். முகத்தில் தெளிவு வந்தது. "ஹென்றி நல்ல பையன், விவரம் கேக்கான்" என்றார்.

அந்த நல்ல பையன்தான் மாட்டிவிட்டான். அவனுடைய மச்சான் ஒரு புதுப்படகு இறக்கினான். கயிறும் சங்கிலியும் நயினார் கடைச் சரக்கு என்பதால் அண்ணாச்சிக்கு அழைப்பு. காசிமேட்டில் ஃபாதர் வந்து மந்திரித்து, படகைத் தண்ணீரில் தள்ளி, எல்லாருக்கும் பிரியாணி போட்டார்கள். பந்தியில் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் ஹென்றி.

தன் அப்பாவைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச அண்ணாச்சிக்கு ஆசை. "நம்ம வெப்சைட்ல எங்க அப்பா கதைய எழுதியிருக்கம்லா, படிச்சியா?" என்று கேட்டார்.

"இல்லியே அண்ணாச்சி" என்றான் ஹென்றி வாய் நிறையச் சோற்றோடு. "அத்தத் தாண்டிப் போறதுக்குத்தான் நீங்களே ஒண்ணு வெச்சுகீறீங்களே. சோக்கா கீது. இங்க யாருமே படிச்சதில்ல." சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்து, போனை எடுத்து, அந்த வாசகத்தைக் காட்டி, தொட்டும் காட்டினான். உடன்குடி அப்பா உப்பு லாரியோடு ஒரு நொடியில் காணாமல் போனார்.

அண்ணாச்சி பிரியாணியை முடிக்காமல் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தார். ரமாபாய் அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே புரிந்துகொண்டாள்.

"நான் தாவ வேண்டாம்னு சொன்னேன்லா?"

"சொன்னீங்க அண்ணாச்சி."

"பின்ன யாரு வைக்கச் சொன்னா?"

"நீங்கதான். நாப்பத்தாறு ஆங்கர் போட்டுரட்டானு கேட்டேன். எல்லாத்தையும் போடுனு சொன்னீங்க." பாடம் இருந்த பக்கத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதுக்குப் பேரே ஆங்கர்தான் அண்ணாச்சி. நான் வெச்ச பேரு இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுப் படித்தார். எழுத்து மாறவில்லை.

"சரி. அது இருக்கட்டும். எங்க அப்பா வேணாம்னு எழுதியிருக்க பாரு, அதுவும் நான் சொன்னதா?"

நாற்பத்தாறு ஆங்கருக்கும் மனசில் பதில் எழுதி வைத்திருந்தவள், அந்த ஒன்றுக்கு எழுதி வைக்கவில்லை. "அது தப்புதான் அண்ணாச்சி" என்றாள். "கையி நீண்டுருச்சு. இப்பவே எடுத்துடறேன்."

அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டீ வந்தது. பாதி குடித்தவர், என்ன நினைத்தாரோ, மெல்ல எழுந்து வந்து, அவளுடைய மவுஸைப் பிடித்து, 'பெயின்ட்' என்பதன் மேல் வைத்து அழுத்தினார். பெயின்ட் வந்தது. 'சங்கிலி' அழுத்தினார். சங்கிலி வந்தது. 'மிதவை' அழுத்தினார். அரைமணி நேரம் கடை முதலாளி தன் கடைக்குள் தானே தாவிக்கொண்டிருந்தார். ரமாபாய் நின்றுகொண்டே இருந்தாள். அவள் நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"தாவிப் போனவன் திரும்பி வர வேண்டாமா?" என்றார் கடைசியில்.

"அதுக்கும் கீது அண்ணாச்சி. ஒவ்வொண்ணுக்கும் கீய 'மேலே போக'ன்னு ஒண்ணு."

"அது எங்க கொண்டுபோய் விடும்?"

"உச்சிக்கு. பட்டியல் கிட்ட."

"அங்க வேண்டாம். எங்க அப்பாகிட்ட கொண்டாந்து விடு."

"நாப்பத்தேயுமா?" என்று கேட்டாள். இப்போது நங்கூரத்தையும் சேர்த்து அவ்வளவு.

"நாப்பத்தேழும்."

மறுநாள் காலை அதைச் செய்து முடித்தாள். இனி யார் எந்தச் சாமானைப் பார்த்துவிட்டு 'மேலே போக' என்று தொட்டாலும், உப்பு லாரியிலிருந்து அப்பா இறங்கும் இடத்தில்தான் போய் நிற்பார்கள். திமிறுகிறவர்கள் திமிறட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனங்கள் திமிறவில்லை, படித்தார்கள். அதுதான் இருவரும் எதிர்பாராதது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பழைய லாரி புரோக்கர் கூப்பிட்டு, உங்கள் அப்பா லாரியில் வரவில்லை, தோணியில் வந்தார், துறைமுகத்தில் நானே பார்த்தேன் என்றார். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் வாதாடினார். பிறகு திருவொற்றியூரிலிருந்து காத்தூன் பீவி என்ற அம்மாள் கூப்பிட்டு, தோணியும் இல்லை லாரியும் இல்லை, ரயில்தான் என்றார். அந்த ரயிலில் தன் மாமனாருக்கு அண்ணாச்சியின் அப்பா இடம் கொடுக்காமல் படுத்துக்கொண்டு வந்ததையும் சொன்னார். இதில் அண்ணாச்சிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு போன் முடிந்ததும், "ரமா, இதையும் சேத்துரு" என்பார். "சிலர் தோணி என்றும் சொல்வர்" என்று அடித்தாள். "ரயில் என்போரும் உளர்" என்று அடித்தாள். வரலாறு மூன்று தாளிலிருந்து ஐந்து தாளாயிற்று. பில் அடிக்கும் வேலை மறுபடி பாதியில் நிற்க ஆரம்பித்தது.

"நீ வெச்ச ஆங்கரு உன்னையே இய்த்துருச்சு" என்றான் அறிவு. அன்று அவனுக்குத் தோசை ஒன்று குறைந்தது.

ஆனால் தெருவில் பேர் பரவிவிட்டது. பக்கத்து வலைக்கடைக்காரர் வந்து தன் பக்கத்துக்கும் ஆங்கர் போடச் சொன்னார். அண்ணாச்சியே அவளைப் பெருமையாக அனுப்பிவைத்தார். தன் பக்கத்தைவிட வேகமாக எதுவும் தாவக்கூடாது என்று மட்டும் சொன்னார். இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் அவள் திருவொற்றியூரில் தோழி ஜெரினாவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளியார் பக்கங்களுக்கு வேலை செய்கிறாள். கதவில் 'இங்கே ஆங்கர் போடப்படும்' என்று எழுதி ஒட்டியதைப் பார்த்து, ஒரு மீனவர் உண்மையாகவே உடைந்த நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு நயினார் கடை முகவரியைக் கொடுத்து அனுப்பினாள்.

போன வாரம் விம்கோ நகரிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். எபினேசர் என்று பெயர், வெள்ளை வேட்டி, நல்ல செண்ட் வாசனை. மண்டபத்துக்கு நீளமான பக்கம் ஒன்று வைத்திருந்தார். மேடை, மணமகள் அறை, பந்தி, பார்க்கிங் என்று பட்டியல் கேட்டார்.

"பார்க்கிங் எங்க சார் இருக்குது? பக்கத்துல காணோமே" என்று தேடினாள் ரமாபாய்.

எபினேசர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "பார்க்கிங் கெடையாது மேடம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. பார்க்கிங்னு தொட்டா பந்திக்குப் போயிடணும். இலை போட்டு எல்லாம் வச்ச படம் ஒண்ணு இருக்கு."

"வண்டில வர்றவங்க இன்னா பண்ணுவாங்க?"

"சாப்பாட்டைப் பாத்தா மறந்துடுவாங்க."

ரமாபாய் விரலை எடுத்துக்கொண்டு யோசித்தாள். எத்தனையோ தில்லுமுல்லு செய்தவள்தான். ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவன் மொய்க் கவரோடு ஸ்கூட்டரைத் தெருத்தெருவாக உருட்டிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. மறுப்பதற்கும் மனசு வரவில்லை, பந்திப் படம் அவ்வளவு நன்றாக இருந்தது. கடைசியில், "பந்திக்கே கொண்டுபோய் விடுறேன் சார்" என்றாள். "ஆனா படத்துக்குக் கீய, ஆட்டோல வந்தா நல்லா சாப்பிடலாம்னு ஒரு வரி எழுதிடுவேன்."

எபினேசருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. அதைக் கல்யாணப் பத்திரிகையிலும் போடச் சொல்லலாமா என்று கேட்டார்.